டி.சி. வாங்குவதா, பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு வீட்டில் படிப்பிப்பதா?

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்று தவிக்கும் பெற்றோருக்கு மூன்று வழிகள் உள்ளன. அருகமைப் பள்ளியிலேயே தொடரலாம், பதிவேட்டில் பெயர் இருக்க, அரசின் வீட்டுவழிக் கல்வியைப் பெறலாம், டி.சி. வாங்கிக்கொண்டு முழுப் பொறுப்பையும் வீட்டிலேயே ஏற்கலாம். பின்னிரண்டையும் ஒன்றென்று எண்ணி டி.சி. வாங்குவது பெரிய இழப்பில் முடியும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. வகுப்பாசிரியர் மனம் வைத்தால் பள்ளிக்கு ஈடில்லை. பேச்சும் பழக்கமும் சக பிள்ளைகளிடமிருந்துதான் வேகமாக வருகின்றன. ஆனால் கல்வித் துறையின் வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர் என்பதால், மற்ற நாள்களில் பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்குமானால், அங்கே அதற்குக் கிடைப்பது வருகைப் பதிவு மட்டுமே.

பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்தது. குமரி மாவட்டத்தில் தக்கலை, முஞ்சிறை, மேல்புறம் என எந்த ஒன்றியமாயினும், அதன் வட்டார வள மையத்தை அணுகினால் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதற்கு வழியுண்டு. நடக்க இயலாத, மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைக்கு இதுவே முதல் தேர்வு என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையைத் தொல்லையென்று கருதி வீட்டுக்கு அனுப்பிவைக்க எந்தப் பள்ளியும் இதைச் சாக்காக்கக் கூடாது.

முழுமையாக விலகுவதில் கிடைக்கும் சுதந்திரம் மெய்யானது. மணிச்சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஆட்டிசப் பிள்ளை, வீட்டு முற்றத்துக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டுகளை அப்பாவோடு பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணும்போது கூட்டல் கற்றுக்கொள்ளும். ஆனால் பகல் முழுவதும் உடனிருப்பவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். கணவர் வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருக்க, முந்திரி ஆலைக்குப் போகும் தாய் வேலையை விட்டால் கூலியும் போகும்; அவருக்கு ஓய்வென்பதே இராது. வீட்டுக்கல்விக்கெனத் தனிப் பதிவுமுறையும் இங்கு இல்லை.

தேர்வுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் கைகொடுக்கும். 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிந்து, ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். தேர்ச்சி பெற்ற பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை என்பது மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

வகுப்பறையில் பிள்ளை அடிபட்டாலோ அவமானப்பட்டாலோ தயங்காமல் நிறுத்திவிடுங்கள். அப்படியல்லாதபோது, வட்டார வள மையத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்காமல் டி.சி. வாங்காதீர்கள். எந்த வழியாயினும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் தேர்வில் கோருவதற்கு அவை வேண்டியிருக்கும்.