இரண்டு சிம், ஒரு ஃபைபர்: வீட்டு போன், இணையச் செலவை நாங்கள் குறைத்த விதம்

நானும் என் கணவரும் குரோம்பேட்டையில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, எப்போதாவது ஒரு நாள் அலுவலகம் போனால் உண்டு. அவருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர தினமும் நிறைய நேரம் போய்விடும். இரண்டு பேரின் மொபைல், வீட்டு இணையம் மூன்றும் சேர்த்து இன்றைக்கு எங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. சில ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. இதில் எது நன்றாக அமைந்தது, எங்கே கவனம் வேண்டும் என்பதை எழுதி வைத்தால், புதிதாகக் கல்யாணமாகித் தனி வீடு பார்க்கிறவர்களுக்காவது உதவும்.

பெரும்பாலான வீடுகளில் கணவன் ஒரு ரீசார்ஜ், மனைவி அதே ரீசார்ஜ், வைஃபைக்குத் தனியாக ஒரு பில் என்று மூன்றும் தனித்தனியாகப் போகின்றன. மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான், ஒரே டேட்டாவுக்கு இரண்டு இடத்தில் காசு கட்டுவது தெரியும். வீட்டில் வைஃபை ஓடும்போது போனில் தினமும் 2 ஜிபி ஏறி, நள்ளிரவில் அப்படியே வீணாகிறது.

அதனால் பிளான் பட்டியலைத் திறக்கும் முன், போனின் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மாதம் எவ்வளவு போகிறது, எந்தச் செயலி எவ்வளவு இழுக்கிறது என்று அங்கேயே இருக்கும். வைஃபைக் கணக்கு தனியாக இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாங்கள் பார்த்தபோது என் சிம்மில் மாதம் இரண்டு, மூன்று ஜிபி போனாலே அதிகம். காய்கறிக் கடையில் யுபிஐ, வழியில் மேப், வாட்ஸ்ஆப், அவ்வளவுதான். அவருக்கோ பஸ்ஸில் கிரிக்கெட், வீடியோ, பாட்டு என்று தினமும் ஒரு ஜிபிக்கு மேல். "நீ வீட்டிலேயே இருக்கே, உனக்கு எதுக்கு என்னோட பேக்?" என்று அவர் கேட்டதில்தான் கணக்கு பிடிபட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பிளான் என்ற பேச்சே அதோடு முடிந்தது.

அடுத்தது வேலிடிட்டி. 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 தடவை ரீசார்ஜ் செய்து முடிக்க முடியாது, 13 தடவை செய்ய வேண்டும். 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியில் ஒரு பேக், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும்படி ஒரு பேக் வைத்தே ஆக வேண்டும் என்றது. அவை இருக்கின்றன. ஆனாலும் கடையில் போய்க் கேட்டால் கையில் கொடுப்பது 28 நாள் பேக்தான். ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்காமல் எந்தப் பேக்கையும் மலிவு என்று சொல்லிவிட முடியாது.

அவருடையதையே எடுத்துக்கொள்வோம். ஜியோவில் 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு, தினம் 2 ஜிபி 28 நாளுக்கு 349 ரூபாய். வருஷத்துக்கு 13 தடவை போட்டால் 4,537. அதே தினம் 2 ஜிபி, 90 நாளுக்கு 899. நான்கு தடவை போட்டால் 360 நாள், 3,596 ரூபாய். போனும் அதே, டவரும் அதே, தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். தினம் 1.5 ஜிபி பேக் இன்னும் குறைவாக வருமே என்று கேட்கலாம். அந்த விலையேற்றத்தின்போது அளவில்லா 5ஜி என்பதைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அவர் போகும் வழியில் 5ஜி பெரும்பாலும் கிடைப்பதால் அவருக்கு இது சரி. 4ஜி போன் வைத்திருப்பவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு ஏர்டெல்லின் ஆண்டு பேக். முதலில் 24 ஜிபியோடு 1,799 ஆக இருந்தது 2024-இல் 1,999 ஆனது. அப்புறம் 2024 டிசம்பரில் டிராய், டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதையொட்டி 2025 தொடக்கத்தில் பேக்குகள் எல்லாம் மாறின. இப்போது 365 நாளுக்குப் பேச்சு மட்டும் என்றால் 1,849, 30 ஜிபியோடு என்றால் 2,249. நான் இரண்டாவதை எடுத்தேன். 400 ரூபாய்க்கு 30 ஜிபி, அதுவும் தினசரிக் கெடு இல்லாமல் வருஷம் முழுக்க வைத்துச் செலவழிக்கலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ரொம்பவே பொருத்தம். கரண்ட்டும் இணையமும் போன நாளில் ஒரே மத்தியானத்தில் 3 ஜிபி எடுத்துக்கொள்ளலாம். தினசரி பேக்கில் இப்படிச் செய்ய முடியாது.

பேச்சு மட்டும் பேக் என் மாமியாருக்கு எடுத்துக் கொடுத்தோம். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், பேங்க் ஓடிபி வந்தால் போதும். அதற்கு முன் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பெரியவர்கள் இருக்கிற எல்லோரும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டிய விஷயம் இது.

2024 ஜூன் கடைசியில் விலையேற்ற அறிவிப்பு வந்தது, புது விலை ஜூலை 3 முதல். இடையில் இருந்த நாட்களில் பழைய விலையிலேயே ரீசார்ஜ் செய்து வரிசையில் வைத்துக்கொள்ள முடிந்தது. நடப்பு பேக் முடிந்ததும் அது தானாகத் தொடங்கும். நாங்கள் இரண்டு பேருமே போட்டு வைத்தோம். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் இப்படி இடைவெளி கிடைத்தால் விடாதீர்கள்.

மொபைல் இரண்டும் வேறு வேறு நிறுவனம் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். ஃபேமிலி போஸ்ட்பெய்டில் ஒரே பில், வசதி என்பார்கள். ஜியோவில் 449-உம் கூடுதல் சிம்முக்கு 150-உம் சேர்த்து 599, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் மாதம் 707. ப்ரீபெய்டு விலையில் வரி உள்ளேயே அடக்கம், போஸ்ட்பெய்டிலும் பிராட்பேண்டிலும் விளம்பர விலைக்கு மேல் வரி தனி. இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் கணக்கே தப்பாகும். காசை விட முக்கியமானது வேறு ஒன்று. ஒரு நெட்வொர்க் படுத்துவிட்டால் வீட்டில் இரண்டு போனும் சேர்ந்து படுக்கக் கூடாது. புயல் மழைக் காலத்தில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பேச முடிந்த ஒரு போன் வீட்டில் இருப்பதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

இதே காரணத்தால்தான் வீட்டு ஃபைபரும் என் போனும் வேறு வேறு நிறுவனம். பகலில் வீட்டில் இருப்பது நான். ஃபைபர் அறுந்தால் என் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை நடக்க வேண்டும், அது வேறு வழியில் வந்தால்தான் பயன்.

வீட்டு இணையம் ஜியோ ஃபைபரில் 30 எம்பிபிஎஸ், 399 ரூபாய், வரியோடு 471. இரண்டு பேருக்கு 30 போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபைட் இறங்கும் என்று தெரியும். 30 என்றால் நாலுக்குக் கொஞ்சம் கீழே. நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்தில் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்று சொல்கிறது. நான் வீடியோ காலில் இருக்க, கூடத்தில் அவர் மேட்ச் பார்க்க, ஒன்றும் திணறவில்லை. பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும் காத்திருக்க வேண்டும். என் வேலையில் அது எப்போதாவதுதான். வீடியோ எடிட்டிங் செய்பவர், வீட்டில் நாலைந்து பேர் இருப்பவர்கள் 100 எடுக்கட்டும். வரியோடு 825 ஆகும். மாத வரம்பு 3,300 ஜிபி, அதை நாங்கள் தொட்டதே இல்லை. ஓடிடி சேர்த்த பிளானுக்கு வரியோடு மாதம் 236 ரூபாய் கூடும். பார்க்க வேண்டிய தொடர் இருக்கிற மாதம் மட்டும் அந்த ஓடிடிக்குத் தனியாகக் கட்டிக்கொள்கிறோம்.

வேகம் குறைவு என்று பிளானை மாற்றும் முன் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் வாசற்கதவுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார்கள். படுக்கையறையில் இருக்கும் என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு சுவர். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் அடுத்த வீட்டுக்காரர்களின் ரூட்டர்களும் அதிலேயே இரைந்துகொண்டிருக்கும். டெக்னீஷியனிடம் கேட்டு ரூட்டரைக் கூடத்தின் நடுச்சுவருக்கு மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. வீட்டுக்குள் டவர் சிக்னல் சரியாக எடுக்காத அறையில் வைஃபை காலிங் போட்டுவிட்டால் போன் பேச்சும் அதன் வழியாகவே போகிறது, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். பலர் இதைத் தட்டாமலேயே நெட்வொர்க்கை மாற்ற ஓடுகிறார்கள்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது எங்கள் தெருவுக்குள் மட்டும் ஓடும் ஒரு சின்ன நிறுவனத்தின் இணைப்பு. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் வயர். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் அந்தக் கட்டடத்தில் கரண்ட் போனால் இணையம் போய்விடும். இடி இடித்தால் போர்ட் கருகிப் போகும். வீடு வரை ஃபைபர் வருவதில் நடுவில் ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் பிரிப்பான் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும், நம் ரூட்டருக்கு மட்டும் கரண்ட் இருந்தால் போதும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி ரூட்டருக்கு வைத்தோம். மின்வெட்டில் மீட்டிங் அறுவது அதோடு நின்றது. பழைய இணைப்பை நிறுத்தியபோது டெபாசிட் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. ரூட்டரை ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது இருந்ததால்தான் வந்தது. யாராக இருந்தாலும் அந்த ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரிலும் கோளாறு வராமல் இல்லை. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பில் மின்னினால் வெளியிலிருந்து ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நேரே புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது எங்களுக்கு அப்படி ஆனது. வந்த டெக்னீஷியன் முதலில் வயரின் முனையைக் கழற்றி, ஒளியின் பலத்தை அளக்கும் கையடக்க மீட்டரில் செருகிக் காட்டினார். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால் நிற்காது என்றார். அப்புறம் முடியை விட மெல்லிய கண்ணாடி இழையைச் சீவி, துடைத்து, இணைப்பு மெஷினில் வைத்து ஒட்டினார். திரும்ப மீட்டரில் மைனஸ் 19 வந்ததும் கிளம்பினார். நிற்பதும் வருவதுமாக இணைப்பு இருந்தால், அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த நிறுவனம் என்பதை விட உங்கள் தெருவுக்கு வரும் லைன்மேன் யார் என்பதே பிராட்பேண்டில் பெரிது. மேல் வீடு, கீழ் வீட்டில் விசாரித்துவிட்டே எடுங்கள். அதனால்தான் மொபைலுக்கு ஆண்டுக்கோ 90 நாளுக்கோ மொத்தமாகக் கட்டும் நாங்கள், ஃபைபருக்கு மாதாமாதமே கட்டுகிறோம். தெரு மாறினால் சேவையும் மாறும். ஒரு வருஷக் காசு கட்டிவிட்டு வீடு மாறினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

மொபைல் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும் குறியீடு 4 நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும், இது 2024 ஜூலையில் வந்த விதி. மிச்சமிருக்கும் வேலிடிட்டி புது நிறுவனத்துக்கு வராது. ஆகவே பேக் முடிகிற வாரத்தில்தான் மாற வேண்டும்.

மொத்தக் கணக்கு இதுதான். எனக்கு 2,249, அவருக்கு 3,596, ஃபைபருக்கு 5,650. வருஷத்துக்கு 11,495, மாதம் 958 ரூபாய். இரண்டு பேரும் 349 பேக்கும், 100 எம்பிபிஎஸ் ஃபைபரும் எடுத்திருந்தால் 18,972 ஆகியிருக்கும். விலைகள் அடிக்கடி மாறுகின்றன, வகுத்துப் பார்க்கும் முறை அப்படியேதான் இருக்கும்.

பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுகிறவர்களுக்கு, ஃபைபர் போகாத சந்தில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் ஏர்ஃபைபர் பார்க்கலாம், அதாவது வயருக்குப் பதில் 5ஜி டவரிலிருந்து வரும் வீட்டு இணையம். சென்னையில் ஜியோ 2023 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. 599-உம் வரியும், மாத வரம்பு 1,000 ஜிபி. எடுக்கும் முன் 5ஜி போனோடு மாடிக்கு ஏறி, மாலை எட்டு மணி வாக்கில் வேகம் எவ்வளவு வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பகல் பதினோரு மணிக்கு எல்லா டவரும் நன்றாகத்தான் இருக்கும்.