சீஸ் உருளைக்கிழங்கு கேசரோல்: வில்லையா, உறைந்த துருவலா, வெந்த துண்டா?

உருளைக்கிழங்கைச் சீஸ், க்ரீம் அல்லது சாஸோடு ட்ரேயில் போட்டு ஓவனில் சுடும் பதார்த்தம்தான் இந்தக் கேசரோல். பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் விருந்துக்கு 9க்கு 13 அங்குல ட்ரே ஒன்றும் ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கும் போதும். கிழங்கை எந்த வடிவில் போடுவது என்பதில்தான் சமைப்பவர்கள் கட்சி பிரிகிறார்கள். சுடச்சுட எடுத்த நிமிஷத்தில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும். கடைசியாக வந்து சாப்பிடுபவருக்கும் அது நன்றாக இருக்குமா என்று பார்த்துத்தான் எடைபோடுகிறேன்.

ருசியில் பச்சைக் கிழங்கு வில்லைகளுக்கே முதலிடம். 3 மில்லிமீட்டர் பருமனில் சீவி, கழுவாமல் அப்படியே அடுக்க வேண்டும். அதிலுள்ள மாவுச்சத்துதான் க்ரீமைக் கெட்டியாக்குகிறது. கழுவினால் அது தண்ணீரோடு போய்விடும். ஆனால் 180 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும், அதுவரை ஓவனில் வேறெதற்கும் இடமில்லை. எடுத்ததும் வெட்டினால் சாறு ஓடும், கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். இந்த முறையில் சவர் க்ரீமும் (புளிக்கவைத்த க்ரீம்) சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் காய் வேகத் தாமதமாகும் என்பது சமைக்கும் எல்லோருக்கும் தெரியும். பச்சை உருளைக்கிழங்கும் அப்படித்தான், மேலே சிவந்த பிறகும் நடுவில் நறுக்கென்று நிற்கும். நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜைக்கு வில்லை அருமை. கூட்டத்துக்கு நான் செய்ய மாட்டேன்.

கடையில் வாங்கும் உறைந்த உருளைக்கிழங்குத் துருவலில் தோல் சீவும் வேலையே இல்லை. உறைய வைக்கும் முன்பே லேசாக வேகவைத்திருப்பதால் கறுக்காது, சவர் க்ரீமும் தாராளமாகச் சேர்க்கலாம். தொல்லை தண்ணீர்தான். முழுக்க உருகவிட்டு, துணியில் கட்டி அழுத்திப் பிழிந்தே ஆக வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை இது. பிழியாத துருவல் ட்ரேயின் அடியில் குளம் கட்டும், ஆற ஆறக் கூழாகும்.

என் ஓட்டு வெந்த துண்டுகளுக்கு. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளை உப்புப்போட்ட குளிர்ந்த நீரிலிருந்தே அடுப்பில் ஏற்றினால் வெளியும் உள்ளும் ஒன்றாக வேகும். முக்கால் பதத்துக்குக் கொஞ்சம் மேலே இறக்கி வடித்து, ஆறியதும் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகுவதால் மறுநாள் கிளறும்போது துண்டு உடையாது. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிய ஒயிட் சாஸ், கொஞ்சம் சவர் க்ரீம், 350 கிராம் சீஸ் கலந்து 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். சாஸில் மைதா இருப்பதால் சீஸ் எளிதில் எண்ணெயாகப் பிரியாது. கரண்டியால் அள்ளினால் துண்டு துண்டாகவே தட்டில் விழும்.

எந்த வடிவமானாலும் சீஸில் கவனம் தேவை. மொஸரெல்லா சூட்டில் அழகாக நூலிழுக்கும், ஆறினால் ரப்பர். நாள்பட்ட செட்டாரில் மணம் அதிகம், தனியாகப் போட்டால் எண்ணெய் விடும். இளம் செட்டாரை முக்கால் பங்கும் நாள்பட்டதைக் கால் பங்கும் சேர்ப்பது என் வழக்கம். கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவிய பாக்கெட் சீஸில் ஒட்டாமலிருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், வழவழப்பாக உருகாது.

மேலே தூவ வெண்ணெயில் புரட்டிய கார்ன்ஃப்ளேக்ஸ். கடைசி இருபது நிமிஷத்தில் தூவினால் போதும். முதலிலேயே போட்டால் கருகும். மூடி வைத்து எடுத்துப் போனால் நமுத்துவிடும். வெளியே கொண்டுபோவதானால் அதைத் தனி டப்பாவில் எடுத்துச் சென்று பரிமாறும் நேரத்தில் தூவலாம்.

பாலும் சீஸும் நிறைந்த பதார்த்தம் என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. விருந்து நீளும் என்று தெரிந்தால் 60 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே வைத்திருங்கள், அல்லது இரண்டு சிறிய ட்ரேக்களாகப் பிரித்து இரண்டாவதைத் தாமதமாக ஓவனில் ஏற்றுங்கள்.