வயிற்றுச் சிரையில் ரத்த உறைவு: டாப்ளரா, சி.டி.யா?

உறைவு இருக்குமோ என்ற சந்தேகம் கல்லீரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரையில் என்றால், ஒலியலைகளால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடங்குவதே சரி. கதிர்வீச்சு இல்லை, ஊசி மருந்து இல்லை, நோயாளியின் படுக்கைக்கே கருவியைக் கொண்டுவரலாம். ரத்தம் ஓடுகிறதா, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் அங்கேயே காட்டிவிடும். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால், ஓட்டம் மிக மெதுவாக இருந்தால் உறைவு போலவே தோன்றி ஏமாற்றும். ஸ்கேன் எடுப்பவரின் கைத்திறனையும் பெரிதும் சார்ந்தது.

குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் மெசென்டெரிக் சிரை என்றால் கதை வேறு. குடலில் உள்ள வாயு டாப்ளரின் பார்வையை மறைத்துவிடும். காரணம் புரியாத கடும் வயிற்றுவலி, தொட்டுப் பார்த்தால் அந்த அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற நிலையில் டாப்ளருக்காகக் காத்திருப்பது, என் பார்வையில், வீண் தாமதம். நேராகக் கான்ட்ராஸ்ட் சி.டி.தான்; அதாவது, ரத்தக்குழாய்களைப் பளிச்சென்று காட்டும் மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். ஊசி போட்டு ஏறக்குறைய 60 முதல் 70 விநாடியில், சிரைகளில் மருந்து நிரம்பியிருக்கும்போது படம் எடுப்பார்கள். உறைவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, குடல்சுவர் வீங்கியிருக்கிறதா, இதற்குக் காரணமாகக் கட்டியோ கணைய அழற்சியோ ஒளிந்திருக்கிறதா என எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும். கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கான்ட்ராஸ்ட் மருந்தில் கவனம் தேவை. கர்ப்பிணி என்றால் எம்.ஆர்.ஐ. பற்றியும் யோசிப்பார்கள்.

புதிய உறைவு உறுதியானால், ரத்தப்போக்கு ஆபத்தை எடைபோட்டு ஹெப்பாரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடங்குவார்கள். சிகிச்சை பொதுவாகக் குறைந்தது 3 முதல் 6 மாதம். குடல் அழுகத் தொடங்கியிருந்தால் அறுவை சிகிச்சையும் வேண்டும்.