ஹெட்செட்டுக்குள் இருக்கும் அந்த 'அனுமதி' பொத்தான்

வேறு ஊரில் இருக்கும் போனையும் ஹெட்செட்டையும் இங்கிருந்தே பார்த்துச் சரிசெய்ய நாங்கள் பயன்படுத்தும் ரிமோட் சப்போர்ட் சேவையின் ஆண்டுக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள். என்னைப் போலவே கல்லூரி லேப்களில் விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டி மெய்நிகர் காட்சி பார்க்கும் கருவி) பராமரிக்கும் நண்பர் ஒருவர், "நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, இப்ப எடுக்கலாமா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். சேவையின் பெயர் வேண்டாம். நீங்கள் எந்த நிறுவனத்திடம் வாங்கப் போனாலும் நான் கீழே சொல்வதை அவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். நான் உட்கார்ந்திருப்பது கோயம்புத்தூரில். ஹெட்செட்கள் நாமக்கல், விருதுநகர், திருநெல்வேலி என்று ஐடிஐ, பாலிடெக்னிக் லேப்களில் இருக்கின்றன. வெல்டிங் பயிற்சி, மின் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் அதில் நடக்கும். மதிப்பெண் பார்க்கும் ஆப் பயிற்றுநரின் போனில் இருக்கும். இரண்டில் எது நின்றாலும் போன் எனக்கு வரும். இந்தச் சேவை வருவதற்கு முன் எல்லாம் வாய்வழிதான். போனில் கோலம் போடக் கற்றுக்கொடுப்பது மாதிரி, எதிரில் இருப்பவர் எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்றே தெரியாமல் அடுத்த கோட்டைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் போன் பக்கம். அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் திரையைப் பார்க்கலாம், அக்சசிபிலிட்டி அனுமதி (ஒரு ஆப் போனைத் தானே இயக்க விடும் அனுமதி) கொடுத்தால் இங்கிருந்தே தொட்டு இயக்கலாம். ஐபோனில் இப்படி வெளி ஆப் வழியாக இயக்க முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும் (ஐஓஎஸ் 18-இலிருந்து ஃபேஸ்டைமில் அனுமதி வாங்கி இயக்கலாம், ஆனால் அது சப்போர்ட் வேலைக்கான கருவி இல்லை). புது ஆண்ட்ராய்டுகளில் திரையைப் பகிரும்போது 'ஒரு ஆப் மட்டும்', 'முழுத் திரை' என்று ஒரு கேள்வி வரும். முதலில் கண்ணில் படுவது 'ஒரு ஆப்', எல்லோரும் அதையே தொட்டுவிடுவார்கள், அவர் செட்டிங்ஸுக்குப் போன நொடி எனக்குத் திரை போய்விடும். ஸ்டோருக்கு வெளியே இருந்து நிறுவிய ஆப் என்றால் ஆண்ட்ராய்டு 13 முதல் அக்சசிபிலிட்டியே பூட்டித்தான் இருக்கும், ஆப் தகவல் பக்கத்துக்குப் போய் மூன்று புள்ளியைத் தொட்டுத் திறக்க வேண்டும். இதெல்லாம் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் முடிந்தது. போனைக் கையில் வைத்திருப்பவருக்குத் திரை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, நான் போடும் அம்புக்குறியும் தெரிகிறது, பிரச்சினை இல்லை.

இப்போது ஹெட்செட். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. எந்த ஹெட்செட்டில் எத்தனை சதவீதம் சார்ஜ், எந்த வைஃபை, ஆப்பின் எந்தப் பதிப்பு என்று எல்லாம் என் மேஜையில் தெரிகிறது. ராத்திரி அப்டேட் போட்டுவிட்டால் காலையில் லேப் தயாராக இருக்கும். ஆனால் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது, மாட்டியிருப்பவர் பார்ப்பதை நானும் பார்க்கும் அந்த நேரடிக் காட்சி. போனில் ஒருவருடைய திரையைப் பார்த்தால் விரல் எங்கே படுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஹெட்செட்டில் அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே தெரிகிறது, அதாவது அவர் எதைத் தேடுகிறார் என்பது தெரிகிறது. வெல்டிங் பயிற்சியில் மாணவர்கள் ஒவ்வொருவராக வலப்பக்க மேஜையைப் பார்த்துவிட்டுத் தடுமாறி நிற்பதை இப்படித்தான் கவனித்தேன். எலக்ட்ரோடு ஹோல்டரை (வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் கைப்பிடி) ஆப்பில் இடப்பக்கம் வைத்திருந்தார்கள். வலது கைக்காரர் வலப்பக்கம்தானே கையை நீட்டுவார்? ஆப் செய்தவர்களிடம் காட்சியைக் காட்டினேன், இடத்தை மாற்றினார்கள், அந்த வகைப் புகாரே நின்றுவிட்டது. எத்தனை கேள்வித்தாள் கொடுத்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. இதற்காகவே அந்தக் கருவி செய்தவர்களைக் கட்டிப்பிடிக்கலாம்.

அப்புறம் அந்தப் பொத்தான். ஒவ்வொரு முறை நான் காட்சியைக் கேட்கும்போதும் ஹெட்செட்டுக்குள் ஒரு பெட்டி வருகிறது: திரையைப் பகிர அனுமதிக்கிறீர்களா? அதை ஹெட்செட் மாட்டியிருப்பவர் கன்ட்ரோலரால் (கையில் பிடிக்கும் கருவி) குறிவைத்து, அதன் விரல் விசையான ட்ரிகரை அமுக்கினால்தான் எனக்குப் படம் வரும். அவர் எனக்குப் போன் செய்ததே கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை என்பதற்காக! கை அசைவாலும் தொடலாம்தான், ஆனால் முதல் தடவை மாட்டிய மாணவருக்கு விரலும் கட்டைவிரலும் சேர்த்துக் கிள்ளச் சொல்லிப் பாருங்கள், அதுவும் கண்ணை ஹெட்செட் மூடியிருக்க, காதில் மட்டும் என் குரல்.

இன்னொன்று, இதுதான் என்னை வெடிக்க வைப்பது. அந்தப் பெட்டி வந்ததும் பயிற்றுநர் என்ன செய்வார்? "சார், ஏதோ இங்கிலீஷ்ல கேக்குது, இருங்க படிச்சுப் பாக்குறேன்" என்று கண்ணாடியை எடுத்துப் போடுவதற்காக ஹெட்செட்டைக் கழற்றுவார். இல்லை, போன் ஸ்பீக்கரில் நான் சொல்வது கேட்கவில்லை என்று கழற்றுவார். லென்ஸ்களுக்கு நடுவே ஒரு சென்சார் இருக்கிறது, முகம் விலகியதும் திரையைத் தூங்க வைத்துவிடும். இணைப்பு போச்சு. திரும்ப மாட்டினால் பெட்டி இல்லை. நான் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி பெட்டி, மறுபடி கழற்றல். பல லேப்களில் அந்தச் சென்சார் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அப்புறம் அது தூங்கவே தூங்காது, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட நிற்கும் பேட்டரி வகுப்பு தொடங்கும்போதே காலியாக இருக்கும்.

அனுமதி கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இந்த வகை ரிமோட் ஆப்களை வைத்து யுபிஐ வழியாகப் பணம் திருடுகிறார்கள் என்று எச்சரிக்கை விட்டது. அதற்குப் பிறகு நம் ஊரில் யாராவது "ஒரு ஆப் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால் சந்தேகப்படுவதுதான் சரி. பயிற்றுநரின் சொந்தப் போனில் ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும். வங்கி ஆப் திறந்தால் எனக்குக் கறுப்புத் திரைதான் வருகிறது, அப்படியே இருக்கட்டும். ஆனால் லேப் ஹெட்செட் யாருடைய சொந்தப் பொருளும் இல்லை. அதில் வங்கி ஆப் இல்லை, குடும்பப் படம் இல்லை, நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்து, பயிற்சி ஆப்பைத் தவிர எதுவும் திறக்காதபடி பூட்டி வைத்திருக்கிறோம். ராத்திரியில் யாரையும் கேட்காமல் அதை மறுதொடக்கம் செய்ய எனக்கு உரிமை உண்டு, பகலில் பார்ப்பதற்கு உரிமை இல்லையா? 'உங்கள் திரையை சப்போர்ட் பார்க்கிறது' என்று மேலே சிவப்புப் பட்டை ஒன்றைக் காட்டிவிட்டு நேராகத் திறக்கலாமே. இதை எழுதிக் கேட்டேன். பாதுகாப்புக் காரணம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது, எந்தப் பாதுகாப்பு, யாருக்கு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இலவச வழியும் உண்டு. ஸ்கிரீன் காப்பி (scrcpy) என்று சொல்லப்படும், ஆண்ட்ராய்டு திரையைக் கணினியில் காட்டும் ஓப்பன் சோர்ஸ் கருவி 2018 முதல் இருக்கிறது. மெட்டா க்வெஸ்ட் ஹெட்செட்டும் உள்ளே ஆண்ட்ராய்டுதான் என்பதால் அதிலும் ஓடும், ஒரு கண்ணின் படத்தை மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லலாம். ஆனால் டெவலப்பர் மோட் போட வேண்டும், கேபிள் செருகிய கணினி ஒன்று லேப்பிலேயே இருக்க வேண்டும், அந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்ற யுஎஸ்பி டீபகிங் கேள்வியும் ஹெட்செட்டுக்குள்தான் வரும். இந்தக் கணினிக்கு எப்போதும் அனுமதி என்று ஒருமுறை டிக் போட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி தொந்தரவு இல்லை. இலவசக் கருவிக்கு நினைவிருப்பது காசு வாங்கும் சேவைக்கு இல்லை.

கல்லூரி வைஃபை பற்றித் தனியாகவே எழுதலாம். லாகின் பக்கம் வரும் வைஃபை என்றால் ஹெட்செட் சாயந்திரம் வெளியேற்றப்பட்டு ராத்திரி அப்டேட் போகாது. ஹெட்செட்களின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள நெட்வொர்க் அடையாள எண்) கொடுத்து விலக்கு வாங்கிவிடுங்கள், முதல் வேலையாக.

சரி, எடுக்கலாமா? போன்களுக்கு மட்டும் என்றால் தாராளமாக எடுங்கள், அந்த விலைக்கு நல்ல சாமான். ஹெட்செட்டுக்கு, மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும், இப்போதைக்கு வேண்டாம். நானும் இந்த ஆண்டு ஹெட்செட் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. மற்ற லேப்களில் தலைத் திருப்பலைப் பார்க்க முடியாதது எனக்குப் பெரிய இழப்புதான், தெரிந்தேதான் விடுகிறேன். விருதுநகர் லேப் உதவியாளர் அம்மா காலை ஒன்பது மணிக்கு என்னிடம் பேசியபடியே ஹெட்செட்டை நான்கு தடவை கழற்றி மாட்டுவதை இனிமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே அந்த இலவச வழிக்காக ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு கேபிளும் வாங்கி வைத்துவிட்டேன்.

நீங்கள் பேசிப் பார்ப்பதாக இருந்தால் டெமோவை அவர்கள் அலுவலகத்தில் அவர்கள் ஆளை வைத்துக் காட்ட விடாதீர்கள். இதுவரை ஹெட்செட் மாட்டாத ஒருவரை உங்கள் லேப்பில் உட்கார வையுங்கள், கன்ட்ரோலரில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அவர்கள் ஆள் அவருடைய ஊரிலிருந்தே காட்சியை எடுத்துக் காட்டட்டும். எடுத்துவிட்டால் எனக்கும் சொல்லுங்கள், அன்றைக்கே பணம் கட்டுகிறேன்.