ஆபா: எண் கையில் இருக்கிறது, மருத்துவக் குறிப்பு எங்கே?

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வழங்கும், வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள நம் மருத்துவக் குறிப்புகளை இணைப்பதற்கான ஆபா (ABHA) என்ற சுகாதார அடையாள எண்ணையும் அதற்கான கைபேசிச் செயலியையும் என் தந்தையின் சர்க்கரை நோய், இரத்த அழுத்தச் சிகிச்சைக்காக எங்கள் குடும்பத்தில் பயன்படுத்தி வருகிறோம். இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டில் இருக்கும் மருத்துவ ஃபைலை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமைப்பாகப் பார்த்தால் நன்றாக யோசித்துக் கட்டப்பட்ட சேவை இது. அந்த அமைப்புக்குள் வந்து சேர வேண்டிய மருத்துவக் குறிப்புகள்தாம் வந்து சேர்வதில்லை. அதற்கான காரணத்தைத் தேடினால், பணம் எந்த இடத்தில் செலவிடப்பட்டது என்ற கேள்வியில் போய் நிற்கிறோம்.

பதிவு செய்வது எளிது. ஆதார் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டால் 14 இலக்க எண் ஒன்று கிடைத்துவிடும். ஆதார் இணைந்த கைபேசி எண் மாறிப்போன முதியவர்களுக்கு மட்டும் இந்த இடத்தில் சிக்கல் வரும். எண்ணோடு, மின்னஞ்சல் முகவரி போன்ற ஆபா முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் இந்த எண்ணைப் பெற்றதும் நம் மருத்துவ விவரமெல்லாம் தில்லியில் ஒரு கணினியில் குவிந்துவிடும் என்று நினைக்கிறோம்; அப்படி இல்லை. இரத்தப் பரிசோதனை முடிவு பரிசோதனைக் கூடத்தின் கணினியிலேயே இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும்; இந்த எண்ணுக்குரியவரின் குறிப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்ற இணைப்பை மட்டுமே நடுவில் உள்ள நுழைவாயில் அறிந்திருக்கும். வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க விரும்பினால் நம் செயலிக்கு ஒரு வேண்டுகோள் வரும். எந்த வகைக் குறிப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதையெல்லாம் நாமே குறைத்துக் கொடுக்கலாம். கொடுத்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறவும் செய்யலாம். நோயாளியின் கையில் இவ்வளவு அதிகாரத்தை வைத்திருக்கும் இந்த வடிவமைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்தச் சேவையின் பலன் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று உண்டென்றால் அது வெளிநோயாளர் பதிவு வரிசைதான். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ஸ்கேன் அண்ட் ஷேர்' முறையில், மருத்துவமனையின் க்யூஆர் கோடை நம் செயலியால் ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து டோக்கன் எண் வந்துவிடுகிறது. மூட்டு வலியோடு வரும் ஒருவர் ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது சிறிய நன்மை அன்று.

ஆனால் அங்கே பகிரப்படுவது பெயர், வயது, முகவரி போன்ற விவரங்கள் மட்டுமே. மருத்துவர் எழுதிய மருந்து, மூன்று மாதச் சர்க்கரை அளவு, முன்பு ஒவ்வாமல் போன மாத்திரை ஆகியவை செயலிக்குள் வருவதுதான் அரிதாக இருக்கிறது. நாங்கள் வழக்கமாகச் செல்லும் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபா எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்; அதன் பிறகு தந்தையின் கணக்கில் ஒரு குறிப்பும் வந்து இணையவில்லை. இதற்காக அங்குள்ள ஊழியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை நேரத்தில் வாசல்வரை நோயாளிகள் காத்திருக்கும் ஒரு கிளினிக்கில், மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு விசைப்பலகையில் தட்ட வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கான விலையை யாராவது கொடுத்தாக வேண்டும். குழாய் பதித்தாகிவிட்டது, அதில் தண்ணீர் ஏற்றுவதற்கு ஆள் வைக்கவில்லை.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டம் முதலில் புதுச்சேரி உட்பட ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. ஒன்றிய அமைச்சரவை 2022 பிப்ரவரியில் இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. 140 கோடி மக்களுக்கு வகுத்தால் ஐந்தாண்டுக்கும் சேர்த்துத் தலைக்குப் பதினோரு ரூபாய் சொச்சம். எண் வழங்கவும், பதிவேடுகளையும் நுழைவாயிலையும் கட்டவும் அந்தத் தொகை உதவியிருக்கிறது என்பதற்கு, ஆபா எண்கள் 70 கோடியைத் தாண்டியதே சான்று. ஆனால் லட்சக்கணக்கான கிளினிக்குகளில் கணினி, மென்பொருள், தட்டச்சு செய்யும் ஆள் என்று செலவழிக்க அதில் என்ன இருக்கிறது?

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சுகாதார ஊக்கத்தொகைத் திட்டம், குறிப்புகளை ஆபாவோடு இணைக்கும் மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் 4 கோடி ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. அதே ஆண்டில் சிறிய கிளினிக்குகளை வட்டாரம் வட்டாரமாகச் சேர்ப்பதற்காக 100 'மைக்ரோசைட்'கள் திட்டமிடப்பட்டு, முதலாவது மிசோரமின் ஐஸ்வால் நகரில் செயல்படத் தொடங்கியது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிகச் சரியான செலவு இதுதான். ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் அளவில் சிறியது.

பிற நாடுகள் கொடுத்த விலையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்து 2002இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு மருத்துவமனைகளின் தலையில் மென்பொருளை இறக்க முயன்றது. ஏறத்தாழ 1,000 கோடி பவுண்டு கணக்கில் ஏறிய அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக 2011 செப்டம்பரில் அறிவிக்க வேண்டி வந்தது, நடுவிலிருந்த 'ஸ்பைன்' வலையமைப்பு போன்ற சில பகுதிகள் மட்டும் நிலைத்தன. அமெரிக்கா 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வேறு பாதையில் போய், மின்னணுப் பதிவை உண்மையாகப் பயன்படுத்திக் காட்டும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் 3,000 கோடி டாலருக்கும் மேல் வழங்கியது. காகிதம் கணினிக்கு மாறியது, ஆனால் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொன்றோடு பேச மறுத்தது. தகவலைத் தடுத்துவைப்பதற்கு எதிரான விதிகளை 2016இல் ஒரு சட்டத்தில் சேர்க்க வேண்டி வந்தது. மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரத்தை முதலிலேயே வகுத்துக்கொண்டதால் இந்தியா இந்த இரண்டு பள்ளங்களிலும் விழவில்லை. அமெரிக்கர் செலவழித்த இடத்தில் செலவழிக்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னுதாரணம் கண்முன்னே இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களைப் பதிவு செய்து வழங்கப்படும் பிக்மி எண்ணைத் தெரியாத குடும்பம் இங்கே குறைவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண் தேவைப்படுவதால் தாய்மார்கள் அதைக் கேட்டுப் பெறுகிறார்கள்; பதிவு செய்வது தம் வேலையின் ஒரு பகுதி என்பதால் கிராம சுகாதார செவிலியர்கள் அதை நிரப்புகிறார்கள். நிரப்புவதற்கு ஆளும், நிரப்பினால் கிடைக்கும் பயனும் இருப்பதால் அந்த ஏடு நிறைகிறது. அந்தச் செவிலியர்கள் மீது தரவுப் பதிவுச் சுமை கூடிக்கொண்டே போவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊதியமும் ஆள்பலமும் கூட்டாமல் அவர்களிடமே இன்னொரு செயலியைக் கொடுப்பது தீர்வாகாது.

அந்தரங்கம் குறித்த கவலை எனக்கும் உண்டு. 2021இல் தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டியவர்கள் பலருக்கு, அவர்கள் அறியாமலே சுகாதார எண் உருவாக்கப்பட்டதாக வந்த செய்திகள் இந்தத் திட்டத்தின் நற்பெயருக்குச் செய்த தீங்கு சிறிதன்று. இது கட்டாயமில்லை, வேண்டாம் என்றால் எண்ணை நீக்கிவிடலாம் என்பதைப் பதிவு செய்யுமிடத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குறிப்புகள் அந்தந்த மருத்துவமனையிலேயே தங்குவதால் பாதுகாப்பும் அந்தந்த மருத்துவமனையின் திறமையைப் பொறுத்ததாகிறது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளே இணையத் தாக்குதலில் முடங்கி, பல நாட்கள் கையால் எழுதிச் சமாளித்தார்கள் என்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள சிறிய மருத்துவமனையின் நிலை என்ன? இதற்கும் பணம் வேண்டும்.

நீண்ட காலச் சிகிச்சையில் இருப்பவர்களும், ஊர் மாறி ஊர் வேலைக்குப் போகிறவர்களும் இந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பரிசோதனைக்குப் போகுமுன் அந்தக் கூடம் ஆபாவோடு இணைந்ததா என்று கேளுங்கள்; டிஸ்சார்ஜ் ஆகும்போது குறிப்புகளைக் கணக்கில் இணைத்துவிட்டார்களா என்று பில் கட்டுமுன் உறுதிசெய்யுங்கள். இணைக்காத இடங்களின் சீட்டுகளைப் படம் எடுத்து நாமே செயலியில் ஏற்றிவைக்கலாம். எங்கள் வீட்டில் தற்போது அப்படித்தான் செய்கிறோம், புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துகளின் பெயரைச் சொல்ல அது போதுமானதாக இருக்கிறது.