சுங்கை சிப்புட்டில் நான்கு பர்கர் கடைகள்: முட்டையும் இரும்புக் கல்லும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பர்கர் சாப்பிட எந்தக் கடைக்குப் போவது என்பதில் எங்கள் ஐவருக்குள் ஒருபோதும் ஒத்த கருத்து இருந்ததில்லை. ஒரே தோட்டத்தில் வளர்ந்து, இப்போது ஒருவர் செம்பனை ஆலையிலும் ஒருவர் ஈப்போவிலும் மற்றவர்கள் பட்டணத்திலுமாக வேலை பார்க்கும் நாங்கள், வழக்கைத் தீர்ப்பதற்காக நான்கு கடைகளைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒன்றாகச் சென்று, ஆளுக்குப் பத்து மதிப்பெண் வீதம் ஐம்பதுக்குக் கணக்கிட்டோம். ஐவரில் மூவர் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால், எல்லாக் கடையிலும் எல்லாரும் கேட்டு வாங்கியது கோழி ஸ்பெஷல், அதாவது கோழி வில்லையை முட்டையில் மடித்து வைக்கும் பர்கர். தபாவ் செய்து (பொட்டலம் கட்டி வாங்கி) வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இன்னொரு விதி. காகிதத்தில் கட்டிய பர்கர் கால் மணி நேரத்தில் ஆவியில் நனைந்து பன் ஊறிவிடும். அதன் பிறகு கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது.

நான்கில் மூன்று கடைகள் ஒரே ரம்லி இறைச்சி வில்லையைத்தான் பயன்படுத்துகின்றன. 1979-இல் ரம்லி மொக்னியும் அவர் மனைவியும் தொடங்கிய அந்தத் தொழில், அன்று சந்தையில் இருந்த பர்கர்களின் ஹலால் தன்மை குறித்து முஸ்லிம்களுக்கு இருந்த ஐயத்தைப் போக்குவதற்காகவே பிறந்தது; இன்று நாடெங்கும் ஒட்டுக்கடைகளில் பர்கர் என்றாலே அந்தப் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. ஆலையிலிருந்து உறைநிலையில் வரும் வில்லை அந்த மூன்று கடைக்கும் பொது. ஆகவே முட்டை, சாஸ், பன், கல்லின் சூடு ஆகிய நான்கில்தான் ஒரு கை இன்னொரு கையிலிருந்து வேறுபடுகிறது.

பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகே ஒரு மலாய்த் தம்பதியர் நடத்தும் கடைதான் எங்களுக்குத் தெரிந்து மிகப் பழையது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் பழைய சாலை ஊருக்குள்ளேயே போவதால், லாரி ஓட்டுநர்களும் அங்கே நிறுத்தி வாங்குகிறார்கள். அந்தக் கடைக்கார அபாங் (மலாயில் அண்ணன்) முட்டையை மடிக்கும் விதத்தை நின்று பார்க்க வேண்டும். மார்ஜரின் உருகிய கல்லில் முட்டையை உடைத்துவிட்டு, கரண்டியின் முனையால் மஞ்சள் கருவைக் கீறி, கைக்குட்டை அகலத்துக்கு மெல்லியதாகப் பரப்புகிறார். அதன் ஓரம் வேகத் தொடங்கியதும், நடுவே கீறித் திறந்து உள்வரை வேகவைத்த வில்லையை வைத்து, மிளகுத்தூளையும் மேகி சாஸையும் தெளித்து, நான்கு பக்கமும் அஞ்சல் உறைபோல் மடித்துக் கவிழ்க்கிறார். முட்டை எங்கும் கருகவில்லை, எங்கும் பச்சையாகவும் இல்லை. கடித்தால் சாறு உள்ளேயே நிற்கிறது; கையில் வழிவதில்லை. முட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் போட்டி இங்கேயே முடிந்திருக்கும்.

சிக்கல் கல்லில் வந்தது. மாடும் கோழியும் ஒரே கல்லில் வேகின்றன. கேட்டால் அபாங் முகம் சுளிக்காமல் கல்லைச் சுரண்டித் துடைத்து, வேறு கரண்டி எடுத்து, ஒரு மூலையில் செய்து தருகிறார்; ஆனால் உருகிய மார்ஜரின் எந்த எல்லைக்கும் கட்டுப்படுவதில்லை. எங்களில் ஒருவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஐந்து மதிப்பெண் போட்டார். மற்ற நால்வரும் ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று போட்டிருந்ததால் மொத்தம் நாற்பது ஆயிற்று. அந்த ஐந்து ருசிக்குப் போட்ட மதிப்பெண் அல்ல, அதைச் சேர்க்கக் கூடாது என்று ஈப்போ நண்பர் அரை மணி நேரம் வாதாடினார். ஒன்பது போட்டவர்களில் நானும் ஒருவன். இருந்தும் அவர் வாதத்தை ஏற்க முடியவில்லை. மனம் கூசியபடி உண்பவனுக்கு நாக்கு என்ன ருசியைச் சொல்லும்?

கோயில் சந்தில் தமிழ் அக்கா ஒருவர் நடத்தும் கடையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அவர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. செவ்வாய், வெள்ளிகளில் கோழியையும் ஒதுக்கிவிட்டு, உருளைக்கிழங்கு மசித்த காய்கறி வில்லையை வேறொரு கல்லில் பொரித்துத் தருகிறார். (அது கடித்தவுடன் உதிர்கிறது; பசியோடு போகிறவர்கள் இரண்டு வாங்க வேண்டியிருக்கும்.) அவருடைய முட்டை தடிமனானது, அபாங்குடையதைப் போல் நேர்த்தியானதும் அல்ல. ஆனால் அதில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கலந்து ஊற்றுவதால், ஆலையிலிருந்து வந்த வில்லைக்கு வீட்டு ஆம்லெட்டின் மணம் ஏறிவிடுகிறது. மயோனிஸை மட்டாகப் போடுகிறார். என்னைக் கேட்டால் அதுதான் சரியான அளவு. குறை பன்னில்தான். நால்வர் எட்டும் ஒருவர் ஒன்பதும் போட, ஒரே மதிப்பெண் கூடுதலாகப் பெற்று, நாற்பத்தொன்றில் அக்கா கடை முதலிடம் பிடித்தது. அந்த ஒன்பதைப் போட்டவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மற்ற இரண்டு கடைகளைப் பற்றி அதிகம் எழுத எதுவும் இல்லை. புதிய கடைவரிசையில் இருக்கும் குளிர்சாதன உணவகம் இறைச்சியைத் தானே அரைத்து, கரி நிறப் பன்னில் வைத்து, மரப்பலகையில் பரிமாறி, பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறது. இறைச்சி நன்றாகவே இருந்தது. ஆனால் முட்டை மடிப்பு இல்லாமல், பொரித்த முட்டையைத் தனியாக மேலே வைத்து அதற்கு ஸ்பெஷல் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், முப்பத்திரண்டு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாரம் ஒரு மாலை மட்டும் வரும் கடைக்கு வேகம்தான் பெருமை. பத்துப் பேர் வரிசையில் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது, முட்டையின் வெள்ளைக் கரு பாதி வேகாத நிலையில். மேலே பிழிந்த சில்லி சாஸ் அதை மறைக்கிறது, இருபத்தொன்பது.

முடிவைக் கேட்ட அக்கா, முதலிடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மதிப்பெண் எங்கே குறைந்தது என்று மட்டும் விசாரித்தார். பன் வறண்டிருந்தது என்றோம். ரொட்டிக்கடையிலிருந்து பிற்பகல் நான்கு மணிக்கு வருகிற பன், இரவு ஒன்பதுக்கு மேல் அப்படித்தான் ஆகும், நீங்கள் வந்தது எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்டார். நாங்கள் போனது பத்து மணிக்கு. ஏழு மணிக்குள் போகிறவர்கள் இன்னொரு மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்.