புது வீட்டுக்கு ஸ்மார்ட் ஹோம்: பல்பா, சுவிட்சா, ரிலேயா? வைஃபையா, ஜிக்பீயா?

வீடு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது அலெக்சாவா கூகுளா என்பதைத்தான். அதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். ஆப்பை ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் உளி, பூச்சு வேலை, பெயின்ட். அதனால் இந்த ஒப்பீட்டைச் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

பல்பு, சுவிட்ச், ரிலே

ஸ்மார்ட் பல்பை மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினால் வேலை முடிந்தது. நிறம் மாற்றுவது, காலையில் பளிச்சென்ற வெள்ளை, இரவில் மங்கலான மஞ்சள் என்று வெளிச்சத்தின் சாயலையே மாற்றுவது எல்லாம் பல்பில்தான் நடக்கும், சாதாரண பல்பை ஸ்மார்ட் சுவிட்சில் போட்டால் வராது. ஆனால் சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் போச்சு, பல்புக்குக் கரண்டே கிடையாது, போனில் எத்தனை தடவை தட்டினாலும் இணைப்பு இல்லை என்றுதான் காட்டும். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கெல்லாம் "அந்த சுவிட்சைத் தொடாதீங்க" என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? ஜிக்பீ (வைஃபை போலவே ஸ்மார்ட் சாதனங்கள் தங்களுக்குள் பேசும் ஒரு ரேடியோ முறை) பல்பு என்றால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பக்கத்திலுள்ள சென்சாரின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்துகின்றன, அப்படியொரு பல்பை அணைத்தால் அதை நம்பியிருந்த சென்சாரும் சேர்ந்து காணாமல் போகலாம். அப்புறம் நடுராத்திரியில் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். கரண்ட் வந்ததும் முன்பிருந்த நிலைக்கே போகச் சொல்லும் அமைப்பு சில பல்புகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. படுக்கையறைக்கு வாங்கும் முன் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

ஸ்மார்ட் சுவிட்சில் பல்பு சாதாரணம், மூளை சுவரில். இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். பல வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் மட்டும் வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகிறது, நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடுகிறது. ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். நியூட்ரல் தேவையில்லை என்று விற்கப்படும் சுவிட்சுகள் அந்தக் கொஞ்சத்தைப் பல்பு வழியாகவே கசியவிடுகின்றன. பழைய குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது, சின்ன வாட் எல்.இ.டி. பல்போ அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும், இல்லையென்றால் துடிக்கும். விளக்குப் பக்கம், அந்தக் கசிவைத் தன் வழியாக விடும் ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. எலக்ட்ரீஷியன் இன்னும் வீட்டில் இருக்கிறார் என்றால், எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், ஆழமான பாக்ஸாகவும் வைக்கச் சொல்லுங்கள். வேறெதைச் சொல்ல மறந்தாலும் இந்த இரண்டை மறக்காதீர்கள்.

பாக்ஸின் ஆழம் ஏன் என்றால், என் ஓட்டு ரிலேவுக்கு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மாட்யூல், இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியில் பார்க்க எதுவும் மாறாது, சுவிட்ச் பிடிக்கவில்லையென்றால் சுவிட்சை மட்டும் மாற்றலாம். முக்கியமாக, இன்டர்நெட் போனாலும், எல்லா சாதனத்தையும் இணைக்கும் நடுப்பெட்டியான ஹப் செத்தாலும், போன் தொலைந்தாலும் கையால் தட்டினால் விளக்கு எரியும். குறைகளும் உண்டு: 'டிக்' என்ற சத்தம் வரும், உலோகப் பாக்ஸுக்குள் வைத்தால் சிக்னல் தேயும், 25 மில்லிமீட்டர் ஆழப் பாக்ஸில் ஒயர்களோடு சேர்த்துத் திணிக்கவே முடியாது. மின்விசிறிக்கு மாட்டும்போது மோட்டார் சுமைக்கான அளவு என்ன என்று தனியாகப் பாருங்கள், பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சுமைக்கானது. விளக்குக்கான டிம்மரை மின்விசிறிக்குப் போடவே கூடாது, முனகும், சூடாகும்.

காற்றில் எது போகட்டும்?

வைஃபை சாதனங்களுக்குத் தனி ஹப் வேண்டாம், அதுதான் கவர்ச்சி. ஐந்தாறு பிளக், ஒரு கேமரா வரைக்கும் சரி. ஐம்பது அறுபது சாதனம் என்று போனால் சாதாரண ரவுட்டர் திணறத் தொடங்கலாம், ரவுட்டரை மாற்றி வைஃபை பெயரோ பாஸ்வேர்டோ மாறிவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்கும் தண்டனை வேறு. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். பேட்டரியில் ஓடும் கதவு சென்சாருக்கு வைஃபை பொருந்தவே பொருந்தாது, பேட்டரியைக் குடித்துவிடும்.

ஜிக்பீயும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் மிகக் குறைந்த சக்தியில் பேசும். ஒரு காசு பேட்டரியில் கதவு சென்சார் வருடக்கணக்கில் ஓடும், கரண்டில் இருக்கும் ஒவ்வொரு ரிலேயும் பிளக்கும் வலையை நீட்டிக்கொண்டே போகும். சரியாக அமைக்காவிட்டால் வைஃபையோடு மோதும். வைஃபையை 1ஆம் சேனலில் வைத்திருந்தால் ஜிக்பீயை 11, 12 பக்கம் விடாமல் 20க்கோ 25க்கோ தள்ளுங்கள். ஹப் கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பீ ரேடியோ குச்சியை (டாங்கிள்) யுஎஸ்பி 3.0 போர்ட்டில் நேராகச் செருகவும் வேண்டாம், அந்தப் போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டுத் தள்ளி வைத்தால் காரணம் தெரியாமல் சாதனங்கள் விழுந்துகொண்டிருப்பது பாதி குறையும்.

ஜிக்பீ மாதிரியே இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதால் வைஃபையோடு மோதலே இல்லை, சுவரையும் நன்றாகக் கடக்கும். ஆனால் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு, அமெரிக்காவில் 908, ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ். ஓரிடத்தில் வாங்கியது இன்னோரிடத்து ஹப்போடு பேசாது. சாதன வகைகளும் குறைவு. பூட்டுக்கு மட்டும் யோசிக்கலாம்.

மேட்டர், த்ரெட் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். த்ரெட் என்பது ஜிக்பீ மாதிரி ஒரு ரேடியோ வலை. மேட்டர் அதன் மேலும் வைஃபை மேலும் பேசப்படும் பொது மொழி. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. ஒரே சாதனத்தை இரண்டு மூன்று நிறுவன ஆப்களில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம், கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே ஓடும். ஆனால் ஒரு சாதனத்தின் சிறப்பு வசதிகள் எல்லாமே மேட்டர் வழியாக வருவதில்லை, ஆன் ஆஃப் மட்டும் வந்து மற்றதற்கு அந்த நிறுவன ஆப்பையே திறக்க வேண்டியிருக்கும். இன்றைக்கு வாங்குகிறேன் என்றால் சென்சார்களுக்கும் ரிலேக்களுக்கும் ஜிக்பீ, மேட்டர் இருந்தால் லாபம் என்ற கணக்கில்தான் வாங்குவேன்.

இதெல்லாம் வேண்டாம், ஒயர்தான் நம்பிக்கை என்பவர்களுக்கு கே.என்.எக்ஸ். இருக்கிறது. தனியாக ஒரு கேபிள் வீடு முழுக்க ஓடும், வேகம் வினாடிக்கு வெறும் 9600 பிட், விளக்குக்கு அது ஏராளம். மைய மூளை என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு சாதனமும் தன் வேலையைத் தானே அறிந்திருக்கும், அதனால் ஒன்று செத்தால் மற்றவை ஓடும். சுவரெல்லாம் திறந்து கிடக்கும்போது மட்டுமே இதைப் பேசலாம். செலவு அதிகம், நிரல் போட அதற்கான மென்பொருளும் தெரிந்த ஆளும் வேண்டும், சின்ன மாற்றத்துக்கும் அவரையே கூப்பிட வேண்டியிருக்கும் என்பதுதான் என்னைத் தடுக்கிறது.

மூளை எங்கே இருக்கட்டும்?

நிறுவனத்தின் சர்வரிலா, உங்கள் வீட்டிலா? ரிவால்வ் என்ற ஹப் நிறுவனத்தைக் கூகுள் குடும்பத்து நெஸ்ட் வாங்கியது, 2016இல் சேவையை நிறுத்தியது, வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன, பயனர்களில் சிலரே பிறகு நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள். கிளவுடை, அதாவது நிறுவனத்தின் சர்வரை மட்டும் நம்பும் சாதனத்துக்கு எதிராக வேறு வாதமே எனக்குத் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் வைப்பதில் இரண்டு வழி. ஆப்பிள் ஹோம் பெரும்பாலும் உள்ளேயே ஓடும், அமைப்பதும் எளிது, ஆனால் ஹோம்பாட் என்ற ஆப்பிள் ஸ்பீக்கரோ ஆப்பிள் டிவியோ வேண்டும், வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் அவருக்கு ஆப் கிடையாது. 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் பல நிறுவனச் சாதனங்களையும் ஓரிடத்தில் சேர்க்கும், திறந்த மூலம், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில்கூட ஓடும். எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள், ஓயாமல் எழுதி எழுதியே கார்டு செத்துப்போகும், எஸ்.எஸ்.டி. போடுங்கள். மாதாமாதம் புதுப் பதிப்பு வரும், ஒவ்வொன்றையும் அன்றைக்கே ஏற்றவேண்டிய அவசியமில்லை. நோண்டிப் பார்ப்பதில் உங்களுக்குச் சுகம் இருந்தால் இதுதான், இல்லையென்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை இது தின்னும்.

அலெக்சாவா கூகுளா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். வீட்டில் யார் குரலுக்கு எது நன்றாகக் காது கொடுக்கிறதோ அது. அது வாயும் காதும் மட்டும்தான், தானியங்கி விதிகளை அதற்குள் எழுதாமல் ஹப்பில் எழுதினால் நாளைக்கு மாற்றுவது வலிக்காது.

வேலையைத் தொடங்கும்போது இரண்டு விஷயம். ரிலேயைப் பாக்ஸுக்குள் தள்ளும் முன், அதன் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை, மேட்டர் என்றால் கூடவே இருக்கும் 11 இலக்க எண்ணை, எந்த அறை என்று குறித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரீசெட்டுக்காக மெயினை அணைத்துச் சுவரைக் கழற்ற வேண்டிவரும். பழைய உரிமையாளர் விட்டுப்போன ஸ்மார்ட் பூட்டோ கேமராவோ இருந்தால், அதை முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அவருடைய கணக்கிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். பூட்டில் இருக்கும் பின் நம்பரை மட்டும் மாற்றினால் போதாது, அவர் போனிலிருக்கும் ஆப் அப்போதும் கதவைத் திறக்கலாம்.